சந்தனம் குழைத்த கை

என் முழங்கைகளிலும் விரல் கணுக்களிலும் தோல் சிவந்து, வெள்ளைச் செதிலாக உதிரும். சொரியாசிஸ். அம்மா அதற்கு வைத்த பெயர் உடம்புச் சூடு. கத்திரிக்காயை நிறுத்தினாள், கருவாட்டை நிறுத்தினாள், வேப்பிலை அரைத்துப் பூசினாள். செதில் மட்டும் நிற்கவில்லை.

ஆவடியில் ஒரு தோல் மருத்துவர்தான் விளங்கச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய செல்கள், கிருமி எதுவும் வராதபோதே ‘ஆபத்து’ என்று செய்தி அனுப்புகின்றனவாம். தோல் செல்கள் அதை நம்பி, ஒரு மாதம் போல எடுத்து வளர வேண்டியவை சில நாட்களிலேயே மேலே வந்து குவிகின்றன. அந்தத் தோலும் பதிலுக்குச் செய்தி அனுப்புகிறது. அலறல் ஓய்வதே இல்லை. எங்கள் காட்டுப்பாக்கம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘திருடன்’ என்று போட, ஆளுக்கொரு கட்டையோடு இறங்கிப் பூனையை விரட்டியது நினைவுக்கு வந்தது. “தொட்டா ஒட்டாதும்மா” என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். அதை ஊருக்கு யார் சொல்வது?

மேனாம்பேட்டில் தங்கைக்கு வளைகாப்பு. அவள் கன்னத்தில் சந்தனம் பூசி, என் கையால் வளையல் போட வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. “எண்ணெய் தெறிச்சிடுச்சுன்னு சொல்லிடு” என்று அம்மா காதைக் கடித்தாள். நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

என் முறை வந்ததும் சந்தனக் கிண்ணத்துக்குக் கை நீட்டினேன். தங்கையின் மாமியார் என் விரல்களைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது?”

நோயின் பெயரைச் சொன்னேன். ஒட்டாது என்றும் சொன்னேன்.

“தப்பா நெனச்சிக்காதம்மா, புள்ளத்தாச்சிப் பொண்ணு. நீ போயி பந்திய பாத்துக்க.”

தங்கையைப் பார்த்தேன். நீட்டியிருந்த கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, “பாத்துக்கோக்கா” என்றாள். மாமியார் அந்நியம், போகட்டும். இவள் கூடப் பிறந்தவள்.

பந்தி பரிமாற மட்டும் இந்தக் கை ஆகும் போலிருக்கிறது. தயிர்சாத வாளியோடு நின்றபடி பார்த்தேன். ஒவ்வொருத்தியாக வந்து அவள் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். மாமியார் தாராளமாகவே அள்ளிப் பூசினார். காலையில் பன்னீர் விட்டு அதைக் குழைத்தது நான்தான், இதே விரல்களால். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கிண்ணத்தோடு சாக்கடையில் கொட்டியிருப்பார்கள்.

நான் குழைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தவள் தங்கை. கன்னம் நிறையச் சந்தனத்தோடு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.