பதினாறு பல்லா, இருபது பல்லா?

போன செவ்வாய்க்கிழமை என் வயலுக்கு வந்த தண்ணீர், என்னைக் காணாமல் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. யாரையும் நோவதற்கில்லை. காரணம், என் சைக்கிளின் பின்சில்லில் இருக்கும் ஒரு பல்லுச் சக்கரம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்குத்தான் முடியவில்லை.

என்னுடையது பழைய றேஸ் சைக்கிள். யாழ்ப்பாணத்தில் வாங்கியது, கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி கிடைத்தபோது கூடவே வந்தது. போன மாதம் அதன் பிறீவீல், பின்சில்லின் பல்லுச் சக்கரம், செத்துப்போனது. மிதித்தால் பெடல் மட்டும் சுற்றும்; சைக்கிள் நகராது. புதியது எப்போது வரும்? கடைக்காரருக்கே தெரியாது.

"பிக்ஸட் வீலாய் மாத்திவிடட்டோ அண்ணை? பிறகு மிதிக்காமல் சும்மா இருந்து ஓடேலாது. சில்லுச் சுத்தினால் பெடலும் சுத்தும்."

சரி என்றேன். இரண்டு சக்கரங்களை எடுத்து வைத்தார். பதினாறு பல்லைப் போட்டால் ஒரு மிதிக்குச் சில்லு மூன்று சுற்று — மிதிக்கப் பாரம், ஆனால் பறக்கும். இருபது போட்டால் இரண்டரைச் சுற்றுக்கூட வராது — லேசு, ஆனால் ஆமை வேகம்.

எனக்கு யாழ்ப்பாணம் போகிற கண்டி வீதிதான் கண்ணில் நின்றது. நேரான தார் வீதி... பதினாறை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சின்ன மகளுக்குக் காய்ச்சல். அன்றைக்கு மத்தியானம் எங்கள் தண்ணீர் முறை. மழையில்லாத சிறுபோகத்து நெல், கதிர் உள்ளே பொதிந்த குடலைப் பருவத்தில் நிற்கிறது. இப்போது தண்ணீர் தப்பினால் கதிர் வரும், உள்ளே அரிசி இராது. முறை வரும்போது ஆள் வயலில் இல்லாவிட்டால் வாய்க்கால் விதானையார் தண்ணீரை அடுத்தவருக்குத் திறந்துவிடுவார்.

"மருந்தை வாங்கிக்கொண்டு நேரத்துக்கு வந்திடுவியளே?" என்று கேட்டாள் மனைவி.

"என்ரை சைக்கிளைத் தெரியாதே உமக்கு?"

கிளிநொச்சி டவுனில் மருந்து வாங்கித் திரும்பி வரும்போது தார் வீதியில் பறந்தேன் என்பது உண்மை. குடியேற்றத்துக்குள் திரும்பினேன் — மணல். காலையில் இறுகிக் கிடந்தது வெயிலில் பொலுபொலுத்துப் போயிருந்தது. எழும்பி நின்று மிதித்தும் அசையவில்லை. இறங்கித் தள்ளினேன். தள்ளினாலும் பெடல் சுற்றுமல்லவா? சுற்றிச் சுற்றிக் காலில் அடித்தது.

மருந்தை வீட்டில் கொடுத்துவிட்டு வயலுக்கு ஓடினேன்.

"விதானையார் கனநேரம் பாத்துப்போட்டுத்தான் எனக்குத் திறந்துவிட்டவர். நான் என்ன செய்ய, அண்ணை?" என்றார் பக்கத்து வயல்காரர். அவர் முகத்திலும் சந்தோஷமில்லை. நான் வரப்பில் குந்தியிருந்து அழுதேன்.

பின்னேரம், காய்ச்சல் தணிந்து மகள் உறங்கிய பிறகு, மனைவி மெதுவாகத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, ஏன் அந்தச் சின்னப் பல்லை எடுத்தனீங்கள்?"

"றோட்டிலை கெதியாய்ப் போகலாமெண்டுதான்."

"எங்கடை வயலுக்கு றோட்டே இருக்கு? ஊருக்குப் போறதுக்கெல்லே பூட்டினனீங்கள்! இஞ்சை இருக்கிறதுக்கெண்டு இவ்வளவு வருசமாய் நீங்கள் ஒண்டுமே வாங்கேல்லை..."

நம்மில் எத்தனை பேர் இப்படி? அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கிணற்றை அரைகுறையாக வெட்டி, வேலியை அரைகுறையாக அடைத்து... அப்படியே கிழவர்களாகிக்கொண்டிருக்கிறோம். நெல்லுக்கு அது தெரியுமா? அது இங்கேதான் வேர் விட்டிருக்கிறது.

சக்கரத்தை மாற்றிவிட்டீரா என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த முறை வருமுன்னே கதிரெல்லாம் பதராகிவிடும்; இனி எந்த வயலுக்கு ஓடுவதற்கு மாற்றுவது?