கண்ணாடிப் பெட்டிக்குள் தச்சர்

எங்கள் அருங்காட்சியகத்தின் தச்சர் அங்கே இரண்டு இடத்தில் இருந்தார். ஒன்று பட்டறையில், இன்னொன்று கண்ணாடிப் பெட்டிக்குள்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன் கூடத்தில் வைக்க ஒரு ஆதிமனிதன் பொம்மை தேவைப்பட்டது. வந்த சிற்பி கட்டடம் முழுக்க ஆள் தேடிவிட்டு, ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சரைப் பார்த்ததும், "இந்தப் புருவம் போதும்" என்றாராம். மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, உடம்பெல்லாம் மாவு அப்பி அச்சு எடுத்தார்கள். அன்றிலிருந்து மனிதர் இடுப்பில் ஒரு துண்டுத் தோலோடு, கூன் போட்டுக் குத்துக்காலிட்டு, இரண்டு கற்களை உரசிக்கொண்டிருக்கிறார். இன்னும் நெருப்பு பற்றியபாடில்லை.

பெட்டிமேல் பலகை எழுதியது நான்தான். முதல் இயக்குநர் சொன்னபடி 'காட்டுமிராண்டி' என்று எழுதினேன். அடுத்தவர் முகம் சுளித்து 'நாகரிகம் அறியாதவன்' ஆக்கினார். மூன்றாமவர் 'ஆதிமனிதன்' என்றார். முதலில் வந்தவன், அது பெருமையாம். நாலாமவர் 'எளிய வாழ்வினன்' என்றார். பொம்மை என்னவோ அதே பொம்மைதான். தச்சர் ஒவ்வொரு தடவையும் வந்து படித்துவிட்டு, "பரவால்லப்பா, பதவி உயர்வு" என்பார். அவருக்குக் கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். முதல் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அக்கா இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "எம்புருஷன் அரைகுறையா உக்காந்திருக்கிறதை ஊரே பாக்குது. நான் வேற வந்து பாக்கணுமா?" நாலாவது பலகையைச் சொன்னபோது, "எளிய வாழ்வா? காப்பி ஆறிப்போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற ஆளுக்கா?" என்றார்.

இப்போது வந்திருப்பவர் ஐந்தாவது இயக்குநர், நிறையப் படித்த அம்மாள். அந்தக் காலத்து மனிதர்கள் இப்படிக் கூனியதே இல்லை, எல்லாம் தப்பு என்றார். சரி, பலகைதானே என்று நான் தூரிகையை எடுத்தேன். அவரோ பொம்மையையே உடைத்து அகற்றச் சொல்லிவிட்டார். அகற்றுவது தச்சர் வேலையாம்.

தச்சர் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி, சுத்தியலோடு தன் முகத்துக்கு எதிரே நின்றார். அப்போதுதான் அக்கா உள்ளே நுழைந்தார்.

"ரெண்டு நாளா இந்த மனுஷனுக்குச் சோறு இறங்கல. என்னதான் நடக்குது இங்க?"

நான் சொன்னேன். அக்கா பொம்மையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வீட்ல அடுப்பைப் பத்த வைங்கன்னா கையாலாகாது. இங்க நெருப்பு மூட்டறாராம்!"

சட்டென்று குனிந்து பொம்மையின் வலது கட்டைவிரலைப் பிடித்தார். தச்சருக்கு அந்த விரல் பாதிதான் இருக்கிறது. மீதியை ரம்பம் கொண்டுபோய் இருபது வருடம் ஆகிறது. பொம்மையில் அது நகம்வரை முழுசாக இருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. விரலை மட்டும் விடவில்லை.

இயக்குநர் அம்மாள் வந்தார். "இது தப்பான பொம்மைம்மா. இங்க வச்சுக்க முடியாது."

"அப்ப எங்கிட்ட குடுத்துடுங்க. வேணும்னா பதிலுக்கு இவரை உக்கார வச்சுக்குங்க."

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குப்பைக்குப் போறதுதானே, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வண்டியில் அக்காவும் பொம்மையும் ஏறியதும் இடம் நிறைந்துவிட்டது. தச்சர் பின்னாலேயே நடந்து போனார்.

மறுநாள் அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். பொம்மை அவர்கள் வீட்டு முன்னறையில், பழைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு பலகை வேண்டுமாம்.

"என்னக்கா எழுதணும்?"

"எம்புருஷன்னு எழுது."

"அப்ப நான் யாரு?" என்றார் பின்னால் நின்ற தச்சர்.

"நீங்க போய் அடுப்பைப் பத்த வைங்க."