கணக்கில் வராத ஸ்பூன்

விடோசாவா குனிந்து குழந்தையின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தாள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மறுபடியும் அதே வெள்ளை. சுத்தமான துணியை விரலில் சுற்றித் துடைத்தாள். பால் என்றால் போயிருக்கும். போகவில்லை.

"திரும்ப வந்துடுச்சா, சிஸ்டர்?" என்றாள் நெவெனா. அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை. குழந்தை லாசாருக்கு இந்தப் பூஞ்சைக் காளான் புண் வாயில் வருவது இது மூன்றாவது முறை.

மேசை மேல் பால் பவுடர் டின் ஒன்று இருந்தது. இன்னும் திறக்கவில்லை.

"நேத்துதான் வாங்கினேன். அவன் வாய வச்சா மார்ல கண்ணாடித் துண்டால கீறற மாதிரி இருக்கு. நீங்க சொன்னது ஒன்னு விடாம செஞ்சாச்சு. இந்தத் தடவையும் போகலன்னா டின்னத் திறந்துடுவேன். அப்புறம் எங்கிட்டப் பேசாதீங்க."

விடோசாவா துணியை மடித்து ஓரமாக வைத்தாள். மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறிய ஊரில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் அவள். பிரசவமான பெண்களுக்குப் பாலூட்டக் கற்றுக்கொடுத்ததும், பள்ளிப் பிள்ளைகளை நகக்கண் வரை சோப்பு போட வைத்ததும் அவள்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தி மீதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானம் செய்யும் கிழவர்களோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டவளும் அவளே. அவள் சொன்னால் நடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்த வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து கேட்டாள். பால் குடித்து முடித்த பிறகுதான் சொட்டு மருந்து விடுகிறாயா? ஆமாம். உன் மார்புக்குக் கொடுத்த களிம்பு? தடவுகிறேன். சூப்பானைக் கொதிக்க வைக்கிறாயா? அடுப்பில் அந்தப் பாத்திரம் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"தாய்ப்பாலத் தவிர வேற ஏதாவது குடுக்கறியா? தண்ணி, டீ, சர்க்கரைத் தண்ணி?"

"எதுவுமே இல்ல, சிஸ்டர். அவங்கப்பா மேல சத்தியமா."

அவளுடைய கணவன் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருப்பது அவளும் மாமனார் ராடோய்கோவும் மட்டும். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாய்ன்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் திறந்த ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்தார்.

"காத்துதான் காரணம். நீ வரும்போதெல்லாம் ஜன்னலத் திறக்கற. ஊதக்காத்து நேரா புள்ள வாய்க்குள்ள போவுது."

"காத்துல இது வராது, பெரியவரே."

"அப்ப எதுல வருது? சொல்லேன்."

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. ஒருவேளை தன் கைகளிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடு போகிறதோ என்று சில நாட்களாக ஒரு பயம் இருந்தது. அதனால் வாசலில் ஒருமுறை, உள்ளே வந்ததும் ஒருமுறை என்று கழுவிக் கழுவி விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது.

லாசார் அழ ஆரம்பித்தான். நெவெனா எழுவதற்குள் ராடோய்கோ எழுந்துவிட்டார். புனித நிக்கோலாவின் படத்துக்குக் கீழே இருந்த மாடத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஸ்லாவாவுக்கு, அதாவது அந்த வீட்டுக் காவல் புனிதரின் நாளுக்கு முன்பு, பாதிரியார் வந்து மந்திரித்துக் கொடுத்த தண்ணீர் அது. நோய் நொடி என்றால் அதில் ஒரு வாய். பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பூனில் ஊற்றினார். சில்லென்று இருக்கிறதா என்று தானே ஒரு மிடறு உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மீதியைக் குழந்தையின் வாயில் விட்டார். விடோசாவாவின் கை தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டது.

கை மார்பில் இருக்கும்போதே அவளுக்கு உறைத்தது.

"நெவெனா, பாலத் தவிர எதுவும் குடுக்கலன்னு சொன்னியே."

"குடுக்கலயே."

"இப்ப மாமா குடுத்தாரே, அது என்ன?"

நெவெனா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அது ஸ்லாவாத் தண்ணி, சிஸ்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. விடோசாவாவின் வீட்டிலும் மாடத்தில் ஒரு பாட்டில் இருந்தது. அவளை யாராவது கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

"பெரியவரே, வாயத் திறங்க."

"எனக்கா? நான் என்ன கைக்கொழந்தையா?"

"திறங்க. பல்லு செட்டையும் கழட்டுங்க."

அவர் மறுத்தார். ராத்திரி தூங்கும்போதுகூட அதைக் கழட்டுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். செத்தால் பல்லோடு சாக வேண்டுமாம். கடைசியில் முதுகைத் திருப்பிக் கழட்டிவிட்டுத் திரும்பினார். மேலண்ணம் முழுக்கப் பீட்ரூட் நிறத்தில் சிவந்திருந்தது.

"மிளகாய் ஊறுகாய்க் காரம்," என்றார் குழறலாக.

"காரம் இல்ல. புள்ள வாய்ல இருக்கற அதே காளான்தான். பல்லு செட்டுக்கு அடியில இடம் புடிச்சு உட்கார்ந்திருக்கு. அங்க அது செவப்பாத்தான் தெரியும்."

ராடோய்கோ நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நானா குடுத்தேன்? ஆண்டவன் தண்ணிலயா?"

"தண்ணி மேல பழி போடல. ஸ்பூன் மேலதான் சந்தேகம். நீங்க அவனுக்குக் குடுத்தீங்களோ, அவன் உங்களுக்குக் குடுத்தானோ, எனக்குத் தெரியாது. மூணு பேருக்கும் சேர்த்து மருந்து போட்டாத்தான் போகும். ராத்திரி பல்லக் கழட்டித் தேய்ச்சு, தனி டம்ளர்ல ஊற வைங்க. தண்ணிய விரல்ல தொட்டு அவன் நெத்தியில வைங்க. வாய்ல வேண்டாம்."

"நெத்தியிலயா புண்ணு இருக்கு?"

"புனிதருக்கு வழி தெரியும், மாமா," என்றாள் நெவெனா சோர்வாக. பிறகு டின்னை ஒருமுறை பார்த்தாள். "அடுத்த தடவை நீங்க வர்ற வரைக்கும் பாக்கறேன், சிஸ்டர்."

அடுத்த தடவை போனபோது விடோசாவா தோட்டத்துக் கதவிலேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். உள்ளே நெவெனா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சுளிப்பு இல்லை. பால் பவுடர் டின் மூடியபடியே மாடத்துக்குக் கீழே இருந்தது. அதன் மேல் ஒரு டம்ளர் வைத்து, ராடோய்கோவின் பற்கள் ஊறிக்கொண்டிருந்தன. அவர் பகலிலும் பல்லில்லாமல் உட்கார்ந்திருந்தார். சொன்னதற்கு மேலேயே செய்கிறாராம்.

குழந்தையின் நாக்கு இளஞ்சிவப்பாக இருந்தது. விடோசாவா இரண்டு முறை பார்த்தாள். சந்தோஷப்படலாமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"மருந்த உடனே நிறுத்திடாத. இன்னும் கொஞ்ச நாள் போடணும்," என்றாள். பிறகு இந்த முறை கவனமாகக் கேட்டாள். "பாலத் தவிர அவன் வாய்க்குள்ள எது போச்சு? சாப்பாடு, தண்ணி, மந்திரிச்சது, கணக்குல வராததுன்னு நீ நெனைக்கறது, எல்லாம் சொல்லு."

நெவெனா நன்றாக யோசித்தாள்.

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுல நற்கருணை அப்பமும் ரசமும் வாங்கினான். பாதிரியார் எல்லார் வாயிலயும் விடற அதே ஸ்பூன்லதான். அதையும் சொல்லணுமா?"

விடோசாவா பையை மூடிய கையோடு நின்றாள். அன்று அந்த வரிசையில் இவர்களுக்கு நாலைந்து பேர் பின்னால் அவளும் நின்றிருந்தாள், அதே ஸ்பூனுக்கு வாயைத் திறந்திருந்தாள்.

"அதுவும் கணக்குல வருமா, சிஸ்டர்?"

"தெரியலம்மா," என்றாள் விடோசாவா. பிறகு கை கழுவப் போனாள்.