மூன்றாம் மாடியில் குரைத்த மெக்கானிக்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் படித்தால் யாரோ வெளியாள் மாதிரி அவளுக்கே தோன்றும்.

அவள் வேலை புள்ளிகளைப் பார்த்துக்கொள்வது. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவர் போனிலும் கம்பெனியின் ஆப் உண்டு. ஆபீஸில் இருக்கும் சர்வர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அந்தப் போனிடம் "இருக்கியா?" என்று கேட்கும். போன் "இருக்கேன்" என்றால் ஊர் வரைபடத்தில் அந்த ஆள் இருக்கும் இடத்தில், பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி. வேலையில் இருந்தால் சிவப்பு. கேட்டுக் கேட்டும் பதில் வராவிட்டால் சாம்பல். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால், பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளிக்கு வேலை தானாகப் போய்ச் சேரும். புள்ளி பொய் சொன்னால் மாட்டிக்கொண்டவர் கதி அதோகதி. அதனால் புள்ளியக்கா புள்ளிகளைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். சாம்பலாக ஒன்று தெரிந்தால் போதும், அந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "என்னப்பா, உயிரோட இருக்கியா?" என்பாள்.

"இருக்கேன்க்கா. பாத்ரூம்ல இருக்கேன்."

"அப்ப சரி."

இப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேனேஜர் தன் அறைச் சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டும்வரை. எல்லாருடைய புள்ளியும் அதில் தெரியும். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, டி.வி. பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சாம்பலாக ஏதாவது கண்ணில் பட்டால் முகம் சுருங்கிவிடும். கடைசியில் ஒரு நாள் உத்தரவு போட்டார். யார் புள்ளி அதிக நேரம் சாம்பலாகக் கிடக்கிறதோ, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. போன் அசையாமல் கிடந்தாலும் ஆள் தூங்குகிறார் என்று கணக்கு. வேலை வந்ததும் மறுக்காமல் இருந்தால், ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

"சார், மனுசன் கொஞ்ச நேரம் அசையாம உக்காரக் கூடாதா?" என்று புள்ளியக்கா கேட்டுப் பார்த்தாள்.

"உக்காரலாம்மா. ஞாயித்துக்கெழம டியூட்டில உக்காரலாம்" என்றார் மேனேஜர். தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் புள்ளி மட்டும் எப்பவும் பச்சையா, சீட்ல இருக்கற மாதிரியே இருக்கட்டும். மேலிடத்துல இருந்து யாராவது பாத்தா நல்லா இருக்கும். அப்படியே கொஞ்சம் பெருசாவும் போட்டுடுங்க" என்றார்.

புள்ளியக்கா போட்டுக் கொடுத்தாள். மறுநாளே மெக்கானிக்குகள் அவருக்குப் 'பெரும்புள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு புள்ளிகூடச் சாம்பலாகவில்லை. திரை புல்வெளி மாதிரிப் பச்சைப் பசேல் என்று இருந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. புள்ளியக்காவுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. ஒரு மெக்கானிக் தன் வீட்டுக்குள்ளேயே இடமும் வலமுமாக மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தார். விசாரித்தால், போனை டேபிள் ஃபேனில் கட்டிவிட்டுத் தூங்குகிறாராம். இன்னொருவர் ஒரே இடத்தில் நின்று கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அது வாஷிங்மெஷின். 'கப்பல்' என்று பட்டப்பெயர் கொண்ட மெக்கானிக்தான் எல்லாரையும் மிஞ்சியவன். ஆள் மலை மாதிரி. நடந்து வந்தால் கப்பல் கரைக்கு வருவது போலவே இருக்கும். அவன் புள்ளி மட்டும் தெருத்தெருவாக ஓடியது. மரத்துக்கு மரம் நின்றது.

"கப்பலு, நேத்து எல்லா மரத்துக்கிட்டயும் நின்னியே, என்ன விசயம்?" என்று கேட்டாள்.

கப்பல் அசடு வழிந்தான். "டாக்டர் நடக்கச் சொல்லிருக்காருக்கா. மூச்சு வாங்குது, அதான் மரத்தடியில நின்னு நின்னு போறேன்."

அவள் நம்பவில்லை. ஆனால் காட்டிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. அவர்கள் பொய்யைச் சொன்னால் பெரும்புள்ளியின் பொய்யையும் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வேலை நாளில் அவள் அரை நாள் லீவு போட்டாள். தலைக்குச் சாயம் அடித்துக்கொள்ளத்தான். அவள் கணவர் ஆபீஸுக்கு நாலு தெரு தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவளை உட்கார வைத்து, தலை முழுக்கச் சாயம் பூசி, பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டார்.

"அசையாம இரும்மா. நான் சொன்ன பிறகுதான் கழுவணும்" என்றார்.

"ஏங்க, அசையாம இருந்தா எனக்கு ஞாயித்துக்கெழம டியூட்டி போட்டுடுவாங்க" என்று சொல்லி அவள் சிரித்து முடிப்பதற்குள் மடியில் இருந்த போன் டிங் என்றது.

மேனேஜரிடமிருந்து செய்தி: 'லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். ஆள் அனுப்பவும்.'

இதைப் பார்த்து அவள் பதறவில்லை. காரணம் இருந்தது. இதே வாசகத்தைத்தான் மேனேஜர் போன வாரம் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அனுப்பி, வந்திருந்த விருந்தாளிகளுக்கு ஆப் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். இன்றைக்கும் யாருக்கோ வேடிக்கை காட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். புள்ளியைப் பார்த்தாள். பச்சை. சீட்டில் இருக்கிறார். அந்தப் புள்ளிக்கு வேறெதுவும் காட்டத் தெரியாது என்பது சாயத்தின் நெடியில் அவளுக்கு மறந்தே போயிற்று.

டிங். 'லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். ஆள் அனுப்பவும்.'

டிங். அதே. டிங், டிங். அதே, அதே.

"என்னம்மா, கோயில் மணியாட்டம் அடிக்குது?" என்றார் கணவர்.

"பழைய செய்தி சுத்திக்கிட்டு நிக்குதுங்க. நம்ம சர்வர்லதான் ஏதோ கோளாறு."

உண்மையில் நடந்தது இதுதான். ஆபீஸ் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே மேனேஜர். ஆபீஸில் ஒருவரும் இல்லை. எல்லாரும் ஏதோ கண்காட்சிக்குப் போயிருந்தார்கள். அபாய மணியை அடிக்கலாம் என்றால், அதைப் போன மாதம்தான் கழற்றிக்கொண்டுபோய் ஒரு வாடிக்கையாளர் லிஃப்டில் மாட்டியிருந்தார்கள். மாட்டச் சொன்னவரே மேனேஜர்தான். போன் பேசலாம் என்றால் சிக்னல் இல்லை. செய்தி மட்டும் எப்படியோ தவழ்ந்து வெளியே போனது. ஆனால் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் உள்ளே திரும்பி வரவில்லை. பதில் வராததால் அவர் போன் அதே செய்தியை மறுபடி அனுப்பியது. மறுபடியும் பதில் இல்லை. மறுபடி அனுப்பியது. காது கேட்காத இரண்டு பேர் ரோட்டின் இரண்டு பக்கம் நின்று கத்துகிற கதைதான்.

புள்ளியக்கா கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்தாள். சாயம் கன்னத்தில் வழிய வழிய உட்கார்ந்து சர்வருக்கு ஒரு கட்டளை எழுதினாள்: ஒரே ஆளிடமிருந்து ஒரே வாசகம் திரும்ப வந்தால் தூக்கிப் போடு.

டிங் நின்றது. கடை அமைதியானது.

"பாத்தீங்களா? எவ்வளவு சுலபம்!" என்று பெருமையாகக் காலை ஆட்டினாள். பாவம், மேனேஜர் அங்கே விரல் தேய அனுப்பிக்கொண்டிருந்தது அத்தனையும் குப்பைக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் மீண்டும் டிங். இது புது வாசகம்: 'வந்தவன் பேச மாட்டேங்கிறான்.'

அவள் முழித்தாள். அடுத்தது: 'குரைக்கிறான்.'

வேலை யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தாள். கப்பல். மறுக்கவில்லை, ஆகவே ஒப்புக்கொண்டான். போய்ச் சேர்ந்தும் விட்டான். அவன் புள்ளி ஆபீஸ் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் இருந்தது. கப்பலுக்கும் மேனேஜருக்கும் எப்போதுமே ஆகாது. "ரெண்டு பேருக்கும் நேருக்கு நேர் முட்டிக்கிச்சு போல. இவன் கத்தறான், அவரு அதைக் குரைக்கிறான்னு எழுதறாரு. பெரிய மனுசன் பேசற பேச்சா இது?" என்று கணவரிடம் அலுத்துக்கொண்டாள்.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் கப்பல்.

"அக்கா, என் பொண்டாட்டி போன்ல இருந்து பேசறேன். நான் இப்ப எங்க இருக்கேன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"நீ எங்க இருக்கேன்னு என்னையா கேக்குற? குடிச்சிருக்கியா?"

"இல்லக்கா. மேனேஜரைக் காணோம்க்கா. வீடு முழுக்கத் தேடிட்டேன்."

"உங்க வீட்ல எதுக்குய்யா அவரைத் தேடற? அவரு சீட்லதான் இருக்காரு."

எதிர்முனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "அந்த மேனேஜர் இல்லக்கா. இது என் நாய். அது பேரும் மேனேஜர். என் போன் அது கழுத்துலதான் இருக்கு. கதவு தெறந்திருந்துச்சு, ஓடிட்டான்."

புள்ளியக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். மூன்றாம் மாடி, குரைக்கிறான், பேச மாட்டேங்கிறான் எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன.

"ஐயையோ! உன் மேனேஜர் வெளிய இருக்கான், நம்ம மேனேஜர் உள்ள இருக்காரு! லிஃப்ட் சாவியை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு ஓடு!"

"யாரு எதுக்குள்ளக்கா?"

"ஓடுடான்னா!"

தலையில் உறையோடும் தோளில் துண்டோடும் அவளும் ஓடினாள். "கழுவணும்மா! நேரமாச்சு!" என்று கணவர் கடைவாசலில் நின்று கத்தியது தெருமுனைவரை கேட்டது.

கப்பல் வீடு ஆபீஸுக்கு அடுத்த தெருதான். கப்பலோடு பலமுறை வந்து பழகியதால் நாய்க்கு அந்த மூன்றாம் மாடி அத்துப்படி. துப்புரவு செய்யும் அம்மா பிஸ்கட் போடுவார். அவரும் அன்றைக்குக் கண்காட்சிக்குப் போய்விட்டார். பிஸ்கட் இல்லாத ஏமாற்றத்தில் நாய் மாடி முழுக்கச் சுற்றி, லிஃப்ட் கதவுக்குள் ஆள் வாசனை வரவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போனுக்குள் ஒரே ஒரு செய்தி நுழைந்தது: 'உங்கள் மெக்கானிக் வந்துவிட்டார்.'

"யாருப்பா அது? மேல மோட்டார் ரூமைப் போய்ப் பாரு!" என்று மேனேஜர் உள்ளேயிருந்து கத்தினார்.

"லொள்."

"என்னது?"

"லொள் லொள்."

"மரியாதையாப் பேசு! உன் வேலைக்கு உலை வெச்சிடுவேன்!"

இந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதுதான் கப்பல் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். வரும்போதே கத்திக்கொண்டு வந்தான். "டேய் மேனேஜர்! எங்கடா இருக்க, திருட்டுப்பயலே!"

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "இங்கதான்ப்பா இருக்கேன். ஆனா கொஞ்சம் மரியாதை குடுத்தா என்ன?"

புள்ளியக்கா போய்ச் சேர்ந்தபோது கப்பல் கதவைத் திறந்து மேனேஜரைக் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான். நாய் அவர் முகத்தை ஆசை தீர நக்கியது. அவர் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாயின் கழுத்தில் தொங்கிய போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது. சாயம் கழுவாத புள்ளியக்காவின் தலை அதற்குள் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார் மேனேஜர்.

"யார் யார் போனை எதுஎதுல கட்டினீங்க? உண்மையைச் சொல்லிடுங்க."

டேபிள் ஃபேன் வெளியே வந்தது. வாஷிங்மெஷின் வந்தது. ஒருவர் குழந்தையின் ஊஞ்சல் என்றார். மேனேஜரின் முகம் சிவந்துகொண்டே போனது. அப்போது பின்வரிசையிலிருந்து கப்பல் கை தூக்கினான்.

"சார், ஒரு சந்தேகம். நீங்க லிஃப்டுக்குள்ள இருந்தப்ப உங்க புள்ளி சீட்ல பச்சையா இருந்துச்சே. உங்க போனை எதுல சார் கட்டினீங்க?"

மேனேஜர் புள்ளியக்காவைப் பார்த்தார். புள்ளியக்கா கூரையைப் பார்த்தாள்.

"அது... நான்தான் போடச் சொன்னேன்" என்றார் மேனேஜர் கடைசியில்.

"நான்தான் போட்டேன்" என்றாள் அவள். "ஆள் அனுப்பச் சொன்ன செய்தியைக் குப்பைல போட்டதும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

"குப்பைலயா?" என்று மேனேஜர் எழுந்தே விட்டார். பிறகு எதிரே நிற்கும் முகங்களைப் பார்த்தார். எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் அடக்க முடியாமல் குபீரென்று சிரித்துவிட, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்டனை அன்றோடு போயிற்று. புள்ளியக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் கொடுத்தாள். அதே எண் திரும்ப வந்தால்தான் பழசு. வாசகம் ஒன்றாக இருந்தாலும் எண் புதிதென்றால் அந்த ஆள் மறுபடி கூப்பிடுகிறார் என்று அர்த்தம். வேலை வந்தால் மெக்கானிக் தன் வாயால் "வர்றேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராத போனுக்கு 'இல்லை' என்று போடாமல் 'தெரியல' என்று ஊதாப் புள்ளி போட்டாள்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "தெரியலன்னு எப்படிம்மா வெளிய காட்டறது? மானம் போயிடாது?"

"தெரியாததைத் தெரியலன்னுதான் சார் காட்டணும். தெரிஞ்ச மாதிரி காட்டித்தான நீங்க நாய்கிட்ட மோட்டாரைப் பாக்கச் சொன்னீங்க?"

ஊதா நிலைத்துவிட்டது. ஊதா தெரிந்தால் யாராவது ஒருவர் போன் போட்டு விசாரிப்பார்கள், அவ்வளவுதான். அதுவும் போதாதென்று, அவரவர் நிலைமையை அவரவர் வாயால் எழுதிக்கொள்ளவும் இடம் விட்டாள். 'சாப்பிடுறேன்', 'கால் வலி', 'மாமனார் வந்திருக்காரு, சீக்கிரம் வேலை குடுங்க' என்றெல்லாம் எழுதினார்கள். கப்பல் ஒரு நாள் 'மேனேஜருக்குப் பேன் பாக்குறேன்' என்று எழுத, அது மேலிடத்துக்காரர்கள் வந்திருந்த நேரத்தில் சுவர்த் திரையில் பெரிதாகத் தெரிந்தது. வந்தவர்கள் மேனேஜரின் தலையைப் பார்த்தார்கள். அவர் தலையைத் தடவிக்கொண்டே அவர்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் புள்ளியக்கா, கெட்டுப்போன தன் அரை நாள் லீவைத் திருப்பிக் கேட்டாள். மேனேஜர் முழு நாளாகவே கொடுத்தார். அவள் வீட்டுக்குப் போய், போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, ஜன்னலோரம் பாய் விரித்துப் படுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். கடைசியில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஏம்மா, தூங்கறியா?" என்றார்.

"ஆமாங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.