கை நனைக்காத கோடை

கள்ளக்குறிச்சியில் மரவள்ளிக் கிழங்கு வியாபாரம் செய்துகொண்டு என்னைத் தெரியாது என்று சொல்பவன், நேற்றுக் கடை போட்டவனாகத்தான் இருப்பான். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பிறகு அந்த லாரியையே வாங்கினேன். கல்வராயன் மலைக் கிழங்கை, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குக் கொண்டுவருவதில் என்னோடு போட்டி போட்டவர்கள் இருந்தார்கள். இப்போது வேறு தொழில் செய்கிறார்கள்.

மலையில் நான் எதையும் எழுதி வாங்கியதில்லை. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் இல்லையா, அந்த வழக்கத்தைத்தான் வியாபாரத்துக்கும் வைத்துக்கொண்டேன். ஆனி பிறந்ததும் ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போவேன். கிழங்குக் கொல்லையைப் பார்ப்பேன், விலை பேசுவேன். ஒத்துவந்தால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிடுவேன். சாப்பிட்டு எழுந்துவிட்டால் அந்த வருஷத்துக் கிழங்கு எனக்கு. அவர்களும் பேச்சு மாறியதில்லை, நானும் மாறியதில்லை. என் மகள் பாவாடை கட்டிய வயதில் என்னோடு வந்து அந்த வீடுகளில் என் தட்டிலேயே சாப்பிட்டவள்.

அவள் சென்னையில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். அந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பது கலெக்டர் ஆவதற்குச் சமம் என்றார்கள். கலெக்டர் ஆவதைவிடக் கஷ்டம் என்று ஊரெல்லாம் நான் சொன்னேன். முதல் வருஷம் முடிந்த கோடையில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பழகப் போனாள். இன்டர்ன்ஷிப் என்று பெயர். ஒரு கம்பெனி எப்படிப் பிழைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துக் கூலி வாங்குகிற கம்பெனி அது. அந்த இரண்டு மாதத்தில் நல்ல பெயர் எடுத்தால் படிப்பு முடியும்முன்பே அங்கே வேலை நிச்சயம். கெட்ட பெயர் எடுத்தால் அந்தக் கதவு அதோடு மூடிவிடும்.

ஒரு நாள் போன் செய்தாள்.

"அப்பா, எனக்கு வேலை நம்ம பக்கமே போட்டிருக்காங்க. ஆனா வூட்ல தங்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ்ல ரூம் போட்டுட்டாங்க."

"நான் மூணு மாடி கட்டி வெச்சிக்கினு கீறேன், நீ லாட்ஜ்ல தங்குவியா? இன்னா வேலை அது?"

"அத மட்டும் கேக்காதீங்கப்பா."

அவள் அம்மா கறிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியில் லாட்ஜுக்குக் கொடுத்தனுப்பினாள். மூடி திறக்காமல் தூக்கு திரும்பி வந்தது. அவள் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "இன்னா மொதலாளி, மாடி மேல மாடி கட்டி இன்னா பிரயோசனம், பொண்ணு லாட்ஜ்ல கீதாமே?" எனக்கு எதிரில் நின்று அப்படிக் கேட்க அதுவரை யாருக்கும் வாய் வந்ததில்லை.

பிறகு ஒரு காலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் கிழங்கு வைக்கிற என் பழைய சிநேகிதர் முதல் பஸ்ஸில் இறங்கி நேராக என் மண்டிக்கு வந்தார். உட்காரவில்லை.

"உம் பொண்ணு எங்க வூட்டுக்கு வந்துச்சி. கூட ரெண்டு கம்பெனி ஆளுங்க. எவ்ளோ கொல்லை, யாருக்குப் போடுறீங்க, லாரி எதுவரைக்கும் ஏறும்னு கேட்டுக்கினே இருந்துச்சி. எங்க மாடு எந்தப் பக்கம் படுக்குதுன்னு ஒண்ணுதான் கேக்கல. சோறு போட்டோம். கையெடுத்துக் கும்பிட்டுட்டு எழுந்துகிச்சி. பெரிய படிப்பு படிச்சா எங்க வூட்டு சோறு எறங்காதா? இல்ல, நீதான் எங்கள வேணாம்னு சொல்லி அனுப்புனியா?"

சமாதானம் சொல்லி அவரை அனுப்பிவிட்டு லாட்ஜுக்குப் போனேன். கீழே வரவேற்பு நாற்காலியில், முதலாளியைப் பார்க்க வந்த ஆள் மாதிரி என்னைக் காத்திருக்க வைத்தார்கள். இறங்கி வந்தவள் வெயிலில் கறுத்துப்போயிருந்தாள்.

"அவங்க வூட்ல ஏன் சாப்பிடல?"

"நான் அங்க கை நனைச்சா உங்க பேச்சுன்னு நெனச்சிப்பாங்கப்பா. நான் உங்களுக்காக வரல. அவங்கள ஏமாத்தி சாப்பிட முடியாது."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும். எவனோ பெரிய கம்பெனிக்காரன் மலைக் கிழங்கை நேராக வாங்கப் போகிறான், அதற்கு வழி பார்க்கத்தான் இவள் வந்திருக்கிறாள். என் லாரி ஓடுவதே அந்தக் கிழங்கில்தான்.

அன்று மத்தியானமே ஜீப்பை எடுத்தேன். ஆனிக்கு இன்னும் நாள் இருந்தது. இருந்தால் என்ன? இரண்டு நாளில் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டால் எந்தக் கம்பெனி வந்தாலும் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் பக்கத்தில் வந்து வண்டியை ஓரம் கட்டினேன். எதிரில் மலை நின்றது. வழக்கத்துக்கு மாறாக நான் முந்திக்கொண்டு ஏறினால், இவனுக்கு யார் சொன்னது என்று அவள் வேலை பழகுகிற கம்பெனியில் கேட்பார்கள். கேட்டதும் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? தூக்கைத் திறக்காமல் திருப்பி அனுப்பியவளைத்தான்.

வெகுநேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்பிவிட்டேன். மலைப் பாதையில் வண்டி திருப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கு மட்டும் ஸ்டியரிங் கனத்தது.

வைகாசி கடைசியில் அவள் வேலை முடிந்தது. பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். வாசல் குழாயில் கை கால் கழுவினாள். "அம்மா, பசிக்குது" என்றாள். அவள் அம்மா சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். பாதிச் சாப்பாட்டில் மகள் நிமிர்ந்தாள்.

"எங்க அப்பா இந்த வியாபாரம்தான்னு முதல் நாளே கம்பெனியில சொல்லிட்டேன். வூட்டுப் பக்கம் போகாம இருந்தா வேலை பாருன்னாங்க. நீங்க மலைக்கு முன்னாடியே போயிடுவீங்கன்னு தெனமும் பயந்துக்கினு இருந்தேன்பா."

"ஆனி பொறக்கலியே" என்றேன்.

ஆனி பிறந்ததும் போனேன். அவளும் கூட வந்தாள். எனக்கு முன்னால் கிழங்கு வாங்குகிற கம்பெனி ஆட்கள் வந்து, பாதி வீடுகளுக்கு மேல் எழுதி வாங்கிப் போயிருந்தார்கள். என் சிநேகிதர் வீட்டிலும்தான். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ எங்கள வுட்டுட்டேன்னு நெனச்சி கையெழுத்துப் போட்டுட்டேன். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் மகள் நின்றாள். "வேலை ஜாஸ்தி" என்றேன்.

பேச்சு முடியாத வீடு. வழக்கப்படி எழுந்துவிட வேண்டும். எழுந்தேன். ஆனால் அவர் மனைவி இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து, என் மகள் முன்னால் நின்றாள்.

"இன்னிக்காவது எறங்குமா பாப்பா?"

மகள் என்னைக் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு வேலை பழகிய கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களிடம் மார்க் என்பேன். பாதிக் காரணம் நான் என்பது எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் இரண்டு லாரியை விற்றுவிட்டு மக்காச்சோள வியாபாரத்தில் இறங்கினேன். அதிலும் என்னைத் தெரியாதவன் கிடையாது.

அன்றைக்குச் சிநேகிதர் வீட்டில், அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மலையில் நான் சாப்பிட்ட முதல் சோறு அது.