செருப்போடு உள்ளே வரலாம்

காலை பத்து மணி பத்து நிமிடம். எங்கள் அரங்கின் வாசற்படிக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அதை ஒட்டி ஒரு சின்னப் பையனின் செருப்பு. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் படியருகே வெறுங்காலோடு நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு அன்று காலைதான் மொட்டை போட்டிருக்க வேண்டும். தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு துணிக்கடைப் பொம்மையை.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. வைகாசித் திருவிழாவுக்குக் கூட்டம் வரும் நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டுக் கண்காட்சி வைத்திருந்தார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் அப்படியே உள்ளே நுழைந்து புடவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம் என்பது ஏற்பாடு. அதில் ஒரு பட்டுக்கடையின் அரங்கை வடிவமைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா இந்தத் தொழிலை எங்கும் போய்ப் படிக்கவில்லை. எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் கட்டுவது அவர்தான். காக்கித் தாளைக் கஞ்சியில் நனைத்துக் கசக்கி மலை செய்வார். தட்டுகளில் கேழ்வரகை முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்குவார். ஒரு வருடம் மாட்டுக்கொட்டகையின் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி செய்தார். சர்ச்சின் கூரைதான் ஒழுகுகிறது என்று பாதிரியார் கொத்தனாரை வரவழைத்துவிட்டார். அந்தக் குடிலைப் பார்த்துவிட்டுப் போன யாரோ சொல்லித்தான், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை முதலாளி அவரைக் கூப்பிட்டுத் தன் கடையின் வாசல் ஷோகேஸை அலங்கரிக்கக் கொடுத்தார்.

புடவை மடிப்பது மட்டும் அம்மாவின் வேலை. பட்டில் குண்டூசி ஏறினால் ஓட்டை நிற்கும். அதனால் ஊசி இல்லாமல், மடித்த மடிப்பு தானே நிற்க வேண்டும். அம்மா மடித்தால் நிற்கும். மற்றவர்கள் மடித்தால் மதியத்துக்குள் சரிந்துவிடும்.

முதலாளி அப்போது காந்தி ரோட்டிலேயே புதிதாக ஒரு ஷோரூம் கட்டிக்கொண்டிருந்தார். தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரம் செய்யப்போவது யார் என்பது முடிவாகவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கண்காட்சியில் உன் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாமாவிடம் முதலாளி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாமா சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி கிடைக்காவிட்டால் கலியாண மேடைக்குத் தெர்மோகோல் வெட்டப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அரங்கின் முகப்பில் அவர் நான்கு கற்தூண்களை நிறுத்தியிருந்தார். உள்ளே தெர்மோகோல், வெளியே காக்கித் தாள், அதன்மேல் சாம்பல் நிறப் பூச்சு. எதிர்க் கடையில் பெட்ஷீட் விற்றவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். தூண்களைத் தாண்டினால் புடவை அடுக்கிய மேஜைகள், வாடிக்கையாளர்கள் உட்கார நாற்காலிகள், தரையில் சிவப்புக் கம்பளம். நேர் எதிரே, உயரமான மேடைமேல், தலையில்லாத அந்தப் பொம்மை. அரக்குப் பட்டு, பச்சை பார்டர், அகலமான ஜரிகை. அம்மா மடித்துக் கொடுத்த கொசுவத்தை விசிறி போல இரண்டு பக்கமும் விரித்திருந்தார். தலை இல்லாத குறை தெரியாமலிருக்க முந்தானையைக் கழுத்துக்குமேல் கிரீடம் போல நிறுத்தியிருந்தார். மேலே ஒரு வெள்ளைக் குடை. இரண்டு பக்கமும் மின்விளக்கு வைத்த பித்தளைக் குத்துவிளக்குகள்.

மாமா எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை. அவர் பார்த்ததெல்லாம் தெருவுக்கு வந்த பெருமாள். குடைக்குக் கீழே, ஆட்களின் தலைக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில், பட்டு விரித்த கோலம். கண்ணைப் பறிக்கும் அலங்காரம் என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். பொம்மைக்கும் அதையே செய்துவிட்டார்.

பதினொரு மணிக்குள் வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. வந்தவர்கள் படியருகே நின்றார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், குழந்தைகளின் தலையைக் குனியவைத்தார்கள், அடுத்த கடைக்குப் போய்ப் புடவை வாங்கினார்கள். தூணடியில் யாரோ ஒரு ரூபாய் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் வைத்தார்கள். நெற்றி நிறைய நாமம் போட்ட பெரியவர் ஒருவர் விற்பனையாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்பா, சடாரி சாதிக்கறதில்லியா இங்க?"

"இது புடவைக் கடை சாமி."

"அது சரிப்பா. தீர்த்தமாவது உண்டா?"

எதிர்க் கடை பெட்ஷீட்காரர் மாமாவைப் பார்த்துக் கத்தினார். "உண்டியல் ஒண்ணு வெச்சிடு வாத்யாரே. புடவையில வர்றதவிட அதுல ஜாஸ்தி வரும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மொத்தக் கொட்டகையிலும் எங்கள் மாமா செய்ததைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள். மாமா ஏன் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

முதலாளி வந்தபோது முதலில் செருப்புகளைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம் என்று நினைத்திருப்பார். படி தாண்டி வந்து பார்த்தார். விற்பனையாளர்கள் இரண்டு பேரும் மாமாவும் நானும்தான் இருந்தோம்.

"நான் புடவ விக்கச் சொன்னேனா, கோயில் கட்டச் சொன்னேனா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன்பா. இப்பிடியே இருந்திச்சின்னா எல்லாத்தையும் பிரிச்சிடு. சும்மா ரெண்டு மேஜையப் போட்டு யாவாரம் பண்ணிக்கறோம். ஷோரூமுக்கு அந்த மெட்ராஸ்காரங்களயே வரச்சொல்லிடறேன்."

அவர் போனதும் மாமா குடையை எடுத்தார். விளக்குகளை அணைத்தார். இருட்டில் பொம்மை இன்னும் கொஞ்சம் சாமியாகிவிட்டது. ஒரு அட்டையில் 'செருப்போடு உள்ளே வரலாம்' என்று பெரிதாக எழுதித் தூணில் மாட்டினார். அதை வாய்விட்டுப் படித்த ஒரு பெண் தன் கணவனிடம், "அவங்க சொல்லுவாங்க. நம்ம போவலாமா?" என்றார். இருவரும் செருப்பை அட்டைக்கு நேர் கீழேயே விட்டார்கள்.

யாராவது ஒருவர் செருப்போடு உள்ளே போனால் மற்றவர்களும் போவார்கள் என்பது மாமாவின் கணக்கு. சின்ன விற்பனையாளரைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் மாதிரி வெளியே போய்ச் செருப்போடு நடந்து வரச் சொன்னார்.

"என்னால ஆவாதுண்ணா."

"டேய், நேத்து அதும் இடுப்பப் புடிச்சித் தூக்கிக்கினு வந்தவன் நீதானடா?"

"அது நேத்துண்ணா. இப்ப பெருமாள் மாதிரி இருக்குது."

மாமா பின்னால் வந்தார். அரங்கின் பின்பக்கத்தை ஒரு திரை போட்டு மறைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் அம்மா தரையில் உட்கார்ந்து மறுநாளைக்கான புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். அம்மா மடிப்பை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போவலடா. வேற ஆளப் பாரு."

"உனக்கின்னாக்கா? நம்ம சர்ச்சுக்குப் போறவங்க. உனக்கு அது பொம்மதான?"

"பொம்மதான். பொம்மைக்காகச் சொல்லல."

"அப்பறம் இன்னா?"

"அவ்ளோ பேர் நிக்கறாங்க, பாத்துக்கினு."

"பாக்கணும்னுதானக்கா சொல்றேன்."

அம்மா மடித்த புடவையைக் கீழே வைத்தார், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டு பின்வழியாக வெளியே போனார். மாமாவும் நானும் ஓரத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

கொட்டகையைச் சுற்றிவந்து அம்மா கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். முன்னால் நின்றவர்கள் கும்பிட்டு முடித்து விலகினார்கள். அம்மாவின் முறை வந்தது. படியருகே வந்ததும் குனிந்தார். இரண்டு செருப்பையும் கழற்றி, இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் புடவை மடிப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தியபடி உள்ளே நடந்தார்.

மற்றவர்கள் செருப்பை வெளியே விட்டார்கள். அம்மா மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மா, யாரும் திருடமாட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா கையைப் பார்த்துக்கொண்டார். அதில் செருப்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது போலப் பார்த்தார். மாமா சிரிக்கவில்லை. தூணைவிட்டு வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார்.

"வாணாம்கா. வுட்டுடு. நான் பிரிச்சிடறேன்."

"இருடா" என்றார் அம்மா.

செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார். எங்கள் அரங்கைத் தாண்டி, பெட்ஷீட் கடையைத் தாண்டி, கொட்டகையின் மறுமுனை வரை போனார். அங்கே போய்க் காலில் மாட்டிக்கொண்டார். திரும்பினார். இந்த முறை கூட்டத்தின் ஓரமாக வரவில்லை, நடைபாதையின் நடுவில் வந்தார். படியருகே ஒரு கணம் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அங்கே நின்றவர்கள் திருத்தணி, வாலாஜாபாத் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள். அம்மாவை அவர்களில் யாருக்கும் தெரியாது.

அம்மா படியைத் தாண்டினார். அம்மாவுடையது குதிகாலில் அடிக்கும் ரப்பர் செருப்பு. கம்பளத்தில் அது சத்தமே போடவில்லை. ஆனால் கூட்டம் பேச்சை நிறுத்தியிருந்தது. மாமா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் வலித்தது.

அம்மா நேராகப் பொம்மையிடம் போனார். மேடையருகே நின்று, தான் மடித்த கொசுவத்தையே இரண்டு விரலால் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்பா, இதே அரக்குல வேற பார்டர் இருக்குதா?"

"இருக்குதும்மா" என்றார் பெரிய விற்பனையாளர்.

"இருக்குதுன்னா எடுத்துப் போடு. எவ்ளோ நேரம் உக்காந்துக்கினு இருக்கறது?"

புடவைகள் விரிந்தன. அம்மா ஒன்றைத் தள்ளினார், இன்னொன்றைக் கேட்டார், ஜரிகையைத் தேய்த்து உதட்டைப் பிதுக்கினார். சின்ன விற்பனையாளருக்கு வியர்த்தது. நாலைந்து புடவைக்குப் பிறகு வாசலில் நின்ற ஒரு பெண், "அவங்க பாட்டுக்குப் போறாங்களே. வா" என்று தன் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். செருப்போடு. அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். அதற்குப் பின்னால் யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. அம்மா தள்ளிவிட்ட ஒரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள், நான்தான் முதலில் பார்த்தேன் என்று சண்டை போட்டார்கள்.

சாயந்தரம் முதலாளி வந்தார். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, முகத்தைச் சுருக்கிக்கொண்டுதான் வந்தார். உள்ளே நுழைய அவருக்கு வழி விடச் சொல்லிப் பெரிய விற்பனையாளர் கும்பலைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

"குடைய ஏம்பா எடுத்த?" என்று மட்டும் மாமாவிடம் கேட்டார். "திரும்ப வெய்யி. நல்லா இருந்திச்சி."

புது ஷோரூமின் கண்ணாடி மாமாவுக்குக் கிடைத்தது. இன்றும் அவர்தான் செய்கிறார். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளாமல் யாரும் காந்தி ரோட்டைத் தாண்டுவதில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்ல ஏம்மா செருப்பக் கையில எடுத்த?" என்று கேட்டேன்.

"பழக்கம்."

"நல்ல பழக்கமா?"

அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "தூங்கு பாப்பா" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் நான் சொன்ன முதல் கதை இதுதான். செருப்பு திருட்டுப் போய்விடும் என்று பயந்து எங்கள் அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைக்குள் போன கதை. கதை எடுபட்டது. அதன் பிறகு பல வருடம் அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், மாமா ஷோரூமில் ஒரு பொம்மைக்குக் கை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். மாமா பொம்மையின் கையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு விளக்கினார். அவர் ஆறு வயதிலேயே காஞ்சிபுரத்தில் மிஷன் விடுதிக்கு வந்துவிட்டவர். அம்மா ஊரிலேயே இருந்து படித்தவர். அந்த ஊரில் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே வழிதான் உண்டு. அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. காலனி ஆட்கள் அந்தத் தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்த பிறகுதான் காலில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தார்.