பாதிப் போத்தல் பெற்றோல்

ஒஸ்லோ துறைமுகத்தடியில் நூற்றைம்பது வருசச் செங்கல் பண்டகசாலை ஒன்று இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்க ஆதிகாலக் கார்கள். அதைக் கூட்டித் துடைத்துத் திறந்து பூட்டுபவர், நகரத்தின் புருசெத் பக்கம் குடியிருக்கும் சின்னராசா. வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரி மனிசனுக்குப் பேச்சே வராது. குற்றம் சொல்லவும் முடியாது. 1913ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் பின்சீட்டிலிருந்து ஒரு பெண் முனகுவது அவருக்கு மட்டும் கேட்கும். அது உதயகுமாரி என்று அவருக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்தில் அவர் வாடகைக் கார் ஓட்டினார். பெற்றோலுக்குத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் கிளப்புவதற்குக் காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். அதை மருந்துப் போத்தலில் பொன்போலக் காத்தார்கள். பிள்ளைவலி கண்ட ஊர்ப்பெண் உதயகுமாரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகையில் கோப்பாய்ச் சந்தியில் கார் நின்றது. ஒருதரம் விட்டுப் பார்த்தார், கிளம்பவில்லை. பெற்றோல் முடிந்துவிட்டது என்றார். கூட வந்தவர்கள் அவளைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார்கள். வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். உன்னில் பிழையில்லை என்று ஊரே அவரைத் தேற்றியது. தேற்றத் தேற்ற அவர் குறுகிப் போனார். சொல்லாமல் விட்ட ஒன்று அவரிடம் இருந்தது.

போன யூன் மாதம் கட்டடத்துக்குப் பிறந்தநாள். அந்த 1913ஆம் ஆண்டுக் காரை இறங்குதுறை வரை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. கார் திருத்தும் சோஃபி அதைக் கிளப்ப முன்னாலுள்ள கைபிடியைச் சுழற்றிச் சுழற்றிக் களைத்துப் போனாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் சின்னராசா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கேட்டு வாங்கினார். பாதியை விட்டார். அவர் கை தானாகவே மூடியைத் திருகி இறுக்கியது.

மிச்சத்தை யாருக்கு வைக்கிறீர்கள் என்று சோஃபி சிரித்துக்கொண்டே கேட்டாள். முப்பத்துநாலு வருசமாய் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி. மூடியைத் திறந்து எல்லாவற்றையும் ஊற்றினார். சோஃபி ஒரு சுழற்றுத்தான் சுழற்றினாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சனம் கைதட்டியது.

இவ்வளவு லேசாகக் கிளம்பியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பின்கதவடிக்குப் போய்க் குனிந்தார்.

“தங்கச்சி, அண்டைக்குப் பெற்றோல் முடியேல்லை. நான் திரும்பி வரவேணுமெண்டு பாதியை மடிக்குள்ளை வைச்சிருந்தனான்.”

முனகல் சட்டென்று நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.